ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட்: மூன்று ஊர், இரண்டு ரயில்

"ஒரு வாரம் லீவு இருக்கு. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ், ரோம் எல்லாத்தையும் ரயில்லயே பார்த்துடலாமா?" முதல்முறை ஐரோப்பா கிளம்புகிற நண்பர்கள் அநேகமாக இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பார்த்துவிடலாம். ஆனால் திரும்பி வந்து யோசித்தால் ரயில் நிலையங்கள்தான் ஞாபகத்தில் இருக்கும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட். ப்ராகிலிருந்து வியன்னாவுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு 2 மணி 40 நிமிடம். இரண்டுக்கும் நேரடி ரயில் உண்டு. நடுவில் இறங்கி மாற வேண்டாம். மூன்றும் இருக்கும் செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி ஆகியவை ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடுகள் என்பதால் ஒரே விசா போதும்.

படி 1: பகலை விடுங்கள், இரவை எண்ணுங்கள்

"ஏழு நாள்" என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஊர் மாறுகிற நாளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையம் போய், ரயிலேறி, புது ஊரில் விடுதியைத் தேடிச் சாவி வாங்குவதற்குள் பாதி நாள் காலி. அதனால் எந்த ஊரில் எத்தனை இரவு என்று மட்டும் எழுதுங்கள். ஓர் ஊருக்கு இரண்டு இரவுக்குக் குறையக் கூடாது. ஏழு இரவு கையில் இருந்தால் ப்ராக் 3, வியன்னா 2, புடாபெஸ்ட் 2. ஐந்துதான் என்றால் ஏதாவது ஓர் ஊரை வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள்.

கிழமையையும் இப்போதே பாருங்கள். வியன்னாவில் ஞாயிறு அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தண்ணீர், ரொட்டி, பழம் வாங்க ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்தான் கதி. ப்ராகின் யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை.

படி 2: விசா எந்த நாட்டில்?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். மேலே சொன்ன 3-2-2 கணக்கில் அது செக் குடியரசு. நாள்கள் சமமாக இருந்தால், முதலில் எந்த நாட்டின் எல்லை வழியாக நுழைகிறீர்களோ அந்த நாடு. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஏதாவது ஓர் ஊருக்கு ஓர் இரவைக் கூட்டிவிடுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

படி 3: இறங்கிய ஊரிலிருந்தே திரும்ப வேண்டாம்

விமான டிக்கெட் தேடும்போது 'மல்ட்டி சிட்டி' என்று ஒரு வசதி இருக்கும். போகும்போது ப்ராக், வரும்போது புடாபெஸ்ட் என்று போட்டுப் பாருங்கள். ப்ராகுக்கே போய்த் திரும்பும் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கலாம். ஆனால் விமானம் பிடிக்க ப்ராக் வரை ரயிலில் திரும்பி வரும் செலவும், அதில் கரையும் ஒரு முழு நாளும் மிச்சம்.

படி 4: ரயிலைத் தேடுவது

உள்ளூர்ப் பெயர்கள் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ப்ராக் அவர்களுக்கு 'ப்ராஹா', வியன்னா 'வீன்'. ப்ராகின் முதன்மை நிலையம் 'ப்ராஹா ஹ்லவ்னி நாட்ரஷி', வியன்னாவில் 'வீன் ஹாப்ட்பான்ஹோஃப்', புடாபெஸ்டில் 'கெலெட்டி'. ஒவ்வோர் ஊரிலும் வேறு பெரிய நிலையங்களும் இருப்பதால், விடுதி பதிவு செய்யும் முன் உங்கள் டிக்கெட் எந்த நிலையத்துக்கு என்று பாருங்கள்.

ஆஸ்திரிய ரயில்வே, செக் ரயில்வே இரண்டின் தளங்களிலும் ப்ராக்–வியன்னா டிக்கெட் கிடைக்கும். அதே ரயிலுக்கு இரண்டிலும் விலை வேறுபடலாம். இரண்டையும் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். செக் தளம் அந்நாட்டு நாணயமான கொருனாவில் காட்டும், மனக்கணக்கு வேண்டாம், மாற்றிப் பாருங்கள். ரெஜியோஜெட் என்ற தனியார் நிறுவனமும் இதே வழியில் ஓட்டுகிறது. பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வரும் யூரெய்ல் பாஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். இரண்டே ரயிலுக்குப் பாஸ் எதற்கு? தனி டிக்கெட்டே போதும்.

இன்னொன்று: ஐரோப்பிய ரயில் கால அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் மாறும். டிசம்பர் பாதிக்கு மேல் போகிறவர்களுக்கு ரயில் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், புது அட்டவணை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

படி 5: டிக்கெட் வேறு, இருக்கை வேறு

நம் ஊரில் ரிசர்வேஷன் கன்ஃபர்ம் ஆனால் கோச்சும் பெர்த்தும் கூடவே வந்துவிடும். இந்த வழியில் ஓடும் ரெயில்ஜெட் வகை ரயில்களில் அப்படியில்லை. டிக்கெட் என்பது ஏறுவதற்கான அனுமதி மட்டுமே. உட்காருவதற்கான இருக்கையைச் சில யூரோ கொடுத்துத் தனியாகப் பதிய வேண்டும். பதியாமலும் ஏறலாம், காலியாக இருப்பதில் உட்காரலாம்.

அந்தச் சில யூரோவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை ப்ராகில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை காலி. மகிழ்ச்சியாகப் பையை மேலே வைத்து, வாழைப்பழமும் சாப்பிட்டாயிற்று. தலைக்கு மேலே சின்னத் திரையில் 'பர்னோ – வீன்' என்று எழுதியிருந்ததை ரயிலின் வழித்தடம் என்று நினைத்துக்கொண்டேன். அது அந்த இருக்கையின் பதிவு: பர்னோ நகரிலிருந்து வியன்னா வரை இன்னொருவருடையது. பர்னோவில் ஒரு பாட்டி ஏறினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீதி வழி கதவோரத்தில் நின்றபடி.

திரையில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லையென்றால் தாராளமாக உட்காரலாம். பெயர் இருந்தால், எங்கிருந்து எங்கே என்று படித்துவிட்டு உட்காருங்கள்.

மலிவு டிக்கெட்டுகளில் இன்னொரு கண்ணி உண்டு. அவை குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும், ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் வராது. அதனால் விசா கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். சீக்கிரம் வாங்கினால் விலை குறைவு என்பது உண்மைதான். விசா வராமல் மொத்தமும் போவதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பது தேவலை. விடுதியையும் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள்.

படி 6: நிலையத்தில்

அரை மணி முன்னால் போனால் போதும். சோதனை வரிசை கிடையாது, நடைமேடைக்குப் போகத் தடுப்புக் கதவும் கிடையாது. ப்ராகில் நடைமேடை எண்ணைக் கடைசி நேரத்தில்தான் அறிவிப்பார்கள். எல்லாரும் பெரிய போர்டுக்குக் கீழே அண்ணாந்து நிற்பார்கள், எண் வந்ததும் கூட்டமே நகரும். போர்டில் வியன்னா என்று தேடாதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும், அது வியன்னாவைத் தாண்டியும் இருக்கலாம். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

போர்ட்டர் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் தனியாகத் தூக்கி மேலே வைக்கிற எடையில். ரயிலில் சாப்பிடத் தடையில்லை, கட்டிவந்த சப்பாத்தியைத் தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் வியன்னா மெட்ரோவில் 2019 முதல் சாப்பிடத் தடை.

எல்லையில் ரயில் நின்று முத்திரை குத்துவதில்லை. சில சமயம் போலீஸார் ஏறி அடையாளம் கேட்பார்கள். கடவுச்சீட்டு மேலே வைத்த பெட்டியில் இல்லாமல் கையிலேயே இருக்கட்டும்.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நிறுவனத்தின் கையை மீறிய சில காரணங்கள் தவிர, 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு மேல் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம்.

படி 7: இறங்கியதும்

புடாபெஸ்ட் நெருங்கும்போது ரயில் முதலில் கெலென்ஃபோல்ட் என்ற நிலையத்தில் நிற்கும். பாதிப் பேர் எழுந்து இறங்குவார்கள். உங்கள் டிக்கெட் கெலெட்டிக்கு என்றால் உட்கார்ந்திருங்கள். அடுத்து டான்யூப் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் இருப்பது நல்லது. கெலெட்டி 1884இல் திறந்த நிலையம், முகப்பைப் பார்க்கவே வெளியே வந்து ஒருமுறை திரும்பி நிற்க வேண்டும். அங்கிருந்து எம்2, எம்4 என இரண்டு மெட்ரோ வழிகள் உண்டு.

மெட்ரோவுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் வாசலில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள். ப்ராகிலும் வியன்னாவிலும் இதே கதைதான். குத்தாத டிக்கெட்டோடு பரிசோதகரிடம் மாட்டினால், டிக்கெட்டே எடுக்காதவருக்குப் போடும் அபராதம்தான்.