ரெண்டு ஸ்பீட் எக்சல் லொறியை மலையில் ஓட்டுவது எப்படி

பழைய பெட்ஃபோர்ட், லேலண்ட் கொமெட் லொறிகள் சிலதில் கியர் லீவரின் குமிழ்ப் பக்கம் சின்னதாய் ஒரு சுவிட்ச் இருக்கும். மேலே இழுத்தால் ஹை (வேகத்துக்கு), கீழே தள்ளினால் லோ (இழுவைக்கு). இதற்கும் கியர் பெட்டிக்கும் சம்பந்தமில்லை, இது மாற்றுவது பின் எக்சலுக்குள், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுக்குள், இருக்கும் பற்சக்கரத்தை. ஹைக்கும் லோவுக்கும் இடையில் பெரும்பாலும் 35 முதல் 40 வீதம் வித்தியாசம் வரும், ஆக நாலு கியர் பெட்டி என்றால் உங்கள் கையில் எட்டு. இலங்கை மலைநாட்டில் கம்பளையிலிருந்து புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு லோடோடு ஏறும்போது, மூன்றாவது கியர் திணறுகிறது, இரண்டாவது வீணாய்க் கத்துகிறது என்ற இடங்களில் இந்த அரைப்படிதான் கைகொடுக்கும்.

சுவிட்சைத் தட்டியவுடன் ஒன்றும் மாறாது, இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சார வகையில் மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும், வேக்குவம் (காற்று உறிஞ்சும்) வகையில் டயபிரம் என்ற சவ்வு இழுத்துப் பிடித்திருக்கும், பற்களில் இஞ்சின் பாரம் இருக்கும்வரை இரண்டும் சும்மாதான். அந்தப் பாரத்தை ஒரு கணம் எடுப்பதுதான் டிரைவர் வேலை.

லோவிலிருந்து ஹைக்குப் போக, எக்சலேட்டரில் கால் இருக்கும்போதே சுவிட்சை இழுத்துவிட்டு, காலை முழுதாக எடுங்கள். இஞ்சின் சத்தம் இறங்கும், பின்னால் 'டொக்' என்று விழும், அப்புறம் திரும்பக் கொடுங்கள். ஹையிலிருந்து லோவுக்கு வேறு மாதிரி: எக்சலேட்டரை மிதித்தபடியே சுவிட்சைத் தள்ளி, கிளட்சைச் சட்டென்று மிதித்து உடனே காலை எடுத்துவிடுங்கள். லோவுக்கு இஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், அதனால்தான் எக்சலேட்டரிலிருந்து காலை எடுக்கக்கூடாது. லொறி நடுங்கி நிற்கப்போகும்வரை பொறுத்திருந்து லோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எக்சலுக்குச் செய்கிற பாவம், வளைவு தெரியும்போதே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கியர் ஹையிலிருந்து மூன்றாவது கியர் லோவுக்குப் போவதென்றால் முதலில் சுவிட்ச், உடனே லீவர். இதைச் சமதரையில், வெறும் லொறியில் பழகிய பிறகு மலைக்குக் கொண்டுபோங்கள்.

இறக்கத்தில்தான் பயம். கடுகண்ணாவையோ றம்பொடையோ, உச்சியிலேயே லோ போட்டு, ஏறவேண்டிய கியரைவிட உயர்ந்த கியரில் இறங்காமல், அடிவாரம்வரை அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது. பாதி வழியில் மாற்றப்போய் பற்சக்கரம் இரண்டிலும் சேராமல் நடுவில் தொங்கினால் இஞ்சின் பிடிப்பு மொத்தமும் போய்விடும், பிறகு பாரம் முழுக்க பிரேக்கில், பழைய டிரம் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏத்தத்தில் தொங்கினால் பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளீனரிடம் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் லோ, முதல் கியர், கிளட்சை மெதுவாக விட்டால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

நிறுத்தி வைக்கும்போதும் லோதான், சாவியை அணைப்பதற்கு முன்னால்.

நுவரெலியாப் பனியில் மோட்டார் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், வேக்குவம் குழாய் வளையும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். காலையில் தேயிலைக் கொழுந்து ஏற்றுவதற்கு முன் தோட்டத்துச் சமதரையில் மெதுவாக உருட்டி ரெண்டு தரம் மாற்றிப் பாருங்கள். 'டொக்' கேட்கவில்லையென்றால் அன்றைக்கு லோட் ஏற்ற வேண்டாம்.