இரண்டாமவர் என்ன செய்கிறார்? பதில் வாதக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாதங்களை அலசும் திறனைச் சோதிக்கும் கிரிட்டிக்கல் ரீசனிங் தேர்வுகளில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒருவர் ஒரு வாதத்தை வைப்பார். இன்னொருவர் அதற்குப் பதில் சொல்வார். "இரண்டாமவர் முதலாமவருக்கு எப்படிப் பதிலளிக்கிறார்?" என்று கேட்பார்கள். பத்தி நாலைந்து வரிதான், மொழியும் எளிது. அப்படியிருந்தும் நன்றாகப் படிப்பவர்களே இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கேள்வி இரண்டாமவரின் செயலைக் கேட்கிறது, படிப்பவரோ அவர் சொன்ன விஷயத்துக்கு விடை தேடுகிறார்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்.

கவிதா: சென்ற ஆண்டு நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் நின்றபடி வேலை செய்யும் மேசை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு முதுகுவலி என்று விடுப்பு எடுப்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஆகவே அந்த மேசைகள் முதுகுவலியைக் குறைக்கின்றன.

இளங்கோ: அதே மாதத்தில்தான் முதுகுவலி விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதியும் வந்தது.

ஆப்ஷன்கள் இப்படி இருக்கலாம்:
அ) கவிதா தரும் எண்ணிக்கை தவறு என்கிறார்.
ஆ) மேசைகளால் பயனில்லை என்று நிறுவுகிறார்.
இ) கவிதா சுட்டும் மாற்றத்துக்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்று காட்டும் தகவலைத் தருகிறார்.
ஈ) ஒரு பொது விதிக்கு எதிர்-எடுத்துக்காட்டு தருகிறார்.
உ) கவிதா காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார் என்கிறார்.

விடை இ. இது சுலபமான கேள்விதான். ஆனாலும் இதில் தவறுபவர்கள் ஆ-வை எடுப்பார்கள். அந்த ஒரு தவற்றுக்குள் பல தவறுகள் அடங்கியிருக்கின்றன.

தீர்ப்பு சொல்லப் போவது

"சான்றிதழ் விதி வந்ததால் மட்டும் பாதியாகக் குறையுமா?" என்று யோசிக்க ஆரம்பித்தாலே தடம் மாறிவிட்டோம். இளங்கோவின் பதில் வலுவானதா, நியாயமானதா என்று யாரும் கேட்கவில்லை. பலவீனமான பதிலுக்கும் ஓர் உத்தி உண்டு. அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினால் போதும். ஆகவே பத்திக்கு முன் கேள்வி வரியைப் படியுங்கள். "எந்த வழியில் பதிலளிக்கிறார்" என்றால் உத்தி. "பதிலில் உள்ள குறை என்ன" என்றால் பிழை. "எது வாதத்தைப் பலவீனப்படுத்தும்" என்றால் ஆப்ஷன்களே புதுத் தகவலைக் கொண்டுவரும். மூன்றுக்கும் பத்தி ஒன்றுபோலவே இருக்கும், தேடவேண்டியது மட்டும் வேறு.

"பொய்" என்பதையும் "நிறுவப்படவில்லை" என்பதையும் ஒன்றாக்குவது

இதுதான் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. இளங்கோ மேசைகள் உதவவில்லை என்று எங்கும் சொல்லவில்லை. உங்கள் ஆதாரத்திலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியாது என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். முடிவை மறுப்பது ஒன்று. முடிவுக்கான ஆதாரம் போதாது என்பது வேறொன்று. "முடிவை மறுக்கிறார்", "முடிவு தவறு என்று நிறுவுகிறார்" என்று ஆப்ஷன் வந்தால், இரண்டாமவர் வாயிலிருந்து அந்த மறுப்பு உண்மையில் வந்ததா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

எந்த வாக்கியத்தைத் தொடுகிறார் என்று பார்க்காமல் விடுவது

முதல் வாதத்தில் மூன்று இடங்கள் உண்டு: ஆதாரம், முடிவு, இரண்டையும் இணைக்கும் சொல்லப்படாத எடுகோள். பதில் இந்த மூன்றில் ஏதோ ஓரிடத்தில்தான் போய் ஒட்டும். கவிதாவின் வாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு இளங்கோவின் பதிலை மட்டும் மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும்.

"விடுப்பு பாதியாகக் குறையவில்லை, பதிவேட்டில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது." இது ஆதாரத்தையே மறுப்பது. அப்போது விடை அ-வாக இருந்திருக்கும்.

"விடுப்பு எடுக்காதவர்களுக்கெல்லாம் வலி இல்லை என்று எப்படிச் சொல்வது?" ஆதாரத்தை ஏற்றுக்கொண்டு, விடுப்பு குறைந்தால் வலி குறைந்ததாகப் பொருள் என்ற எடுகோளை வெளியே இழுக்கிறார்.

"இன்னொரு கிளையிலும் இதே மேசைகளைக் கொடுத்தார்கள். அங்கே விடுப்பு குறையவே இல்லை." ஒத்த சூழலில் எதிர்பார்த்த விளைவு வரவில்லை என்று காட்டுகிறார். இங்கே எச்சரிக்கை தேவை. "எல்லா இடத்திலும் குறைக்கும்" என்று கவிதா சொல்லியிருந்தால்தான் இது கறாரான எதிர்-எடுத்துக்காட்டு. அவர் சொன்னது ஓர் அலுவலகத்தைப் பற்றி. ஆகவே இது அந்த முடிவின் மீது சந்தேகத்தைக் கிளப்பும் தகவல் மட்டுமே.

"அதே காலத்தில் சுவருக்குப் புது வண்ணமும் அடித்தார்கள். அப்படியானால் வண்ணமும் முதுகுவலியைக் குறைக்கிறதா?" அதே வடிவத்தில் இன்னொரு வாதத்தைக் கட்டி, அது அபத்தமான முடிவில் போய் நிற்பதைக் காட்டுகிறார். வண்ணம்தான் உண்மையான காரணம் என்று அவர் சொல்லவில்லை. மாற்றுக் காரணம் தருகிறார் என்ற ஆப்ஷன் இங்கே பொறியாக வைக்கப்படும்.

"மேசைகள் உதவுகின்றன என்பது சரிதான். ஆனால் அதற்குச் சான்று விடுப்புக் கணக்கல்ல. மருத்துவர் நேரடியாகப் பரிசோதித்துச் சொன்ன முடிவுகள்." முடிவை ஏற்றுக்கொண்டு, காரணத்தை மட்டும் மாற்றுகிறார். பதில் என்றாலே எதிர்ப்பு என்று பழகிய கண்ணுக்கு இது தப்பிவிடும். நடுவில் வரும் "ஆனால்" என்ற சொல் எதை எதிர்க்கிறது என்று பார்க்கவேண்டும். அது முடிவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

ஐந்து பதில்கள், ஐந்து விடைகள். கவிதாவின் வாதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பயிற்சி செய்பவர்கள் ஏதாவது ஒரு வாதத்தை எடுத்து இப்படி ஐந்து விதமாகப் பதில் எழுதிப் பார்ப்பது, நூறு கேள்விகளுக்கு விடை குறிப்பதைவிடப் பயன் தரும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பாதி சரியான ஆப்ஷனை எடுப்பது

இந்த வகையில் ஆப்ஷன்கள் பெரும்பாலும் அருவமான மொழியில் இருக்கும். மேசையும் இருக்காது, விடுப்பும் இருக்காது. "ஒரு கூற்று", "ஒரு நிகழ்வு", "ஒரு கொள்கை" என்றுதான் இருக்கும். அதைப் பொத்தாம் பொதுவாகப் படித்தால் எல்லாமே சரியாகத் தெரியும். ஆப்ஷனைத் துண்டு துண்டாக உடையுங்கள்: என்ன செய்கிறார், எதை, எதைக் கொண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பத்தியில் சொற்கள் கிடைக்கவேண்டும். ஒன்றுக்குக் கிடைக்காவிட்டாலும் அந்த ஆப்ஷன் போயிற்று.

"கவிதாவின் கூற்றுகளுக்குள் முரண்பாடு இருப்பதைச் சுட்டுகிறார்" என்று வந்தால், சேர்ந்து உண்மையாக இருக்க முடியாத இரண்டு கூற்றுகளைக் கவிதாவே சொல்லியிருக்கவேண்டும். "கவிதாவின் நோக்கத்தைச் சந்தேகிக்கிறார்" என்றால், வாதத்தை விட்டு அவரைப் பற்றி ஒரு சொல்லாவது வந்திருக்கவேண்டும். "ஒப்புமை கொண்டு" என்றால், ஒப்பிடப்படும் இன்னொன்று கண்ணில் படவேண்டும். வினைச்சொல் சரியாக இருந்து, செயப்படுபொருள் தவறாக இருப்பதே மிக அதிகமாக ஏமாற்றும் வடிவம்: "புதிய தகவல் தந்து, கவிதாவின் ஆதாரம் பொய் என்கிறார்." முன்பாதியில் தலையாட்டிவிட்டவர்கள் பின்பாதியைப் பாதிக் கண்ணோடு படிப்பார்கள்.

தவறாகப் புரிந்துகொண்ட பதிலைக் கவனிக்காதது

சில கேள்விகளில் முதலாமவர் சொல்லாத ஒன்றுக்கு இரண்டாமவர் பதில் சொல்வார். "சிலர்" என்றதை "எல்லோரும்" என்று எடுத்துக்கொள்வார். "குறைக்கிறது" என்றதை "ஒழிக்கிறது" என்று எடுத்துக்கொள்வார். "எனக்கு இன்னும் முதுகு வலிக்கிறதே!" என்று இளங்கோ சொன்னால், வலி அடியோடு போய்விடும் என்று கவிதா சொன்னதாக நினைத்துப் பதில் சொல்கிறார். இன்னொரு வழக்கமான இடம், கட்டாயத் தேவையையும் (அது இல்லாமல் நடக்காது) போதுமான நிபந்தனையையும் (அது இருந்தாலே நடந்துவிடும்) குழப்புவது. "பயிற்சி இல்லாமல் வெல்ல முடியாது" என்பவரிடம் "பயிற்சி செய்தும் தோற்றவர்கள் இருக்கிறார்களே" என்பது பதிலே ஆகாது. பயிற்சி செய்தாலே வெற்றி உறுதி என்று அவர் சொல்லவே இல்லை. எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று கேள்வி கேட்டால், முதலாமவரின் அளவுச்சொற்களுக்கு அடிக்கோடிட்டுப் பதிலோடு ஒப்பிடுங்கள்.

பேசாதவர் வாயில் கருத்தைத் திணிப்பது

"இருவரும் எதில் உடன்படவில்லை?" என்பது இதன் நெருங்கிய உறவுக் கேள்வி. "நீண்ட நாவல் படிப்பவர்கள் குறைந்துவிட்டதால் பதிப்பாளர்கள் குறுநாவல்களையே வெளியிடவேண்டும்" என்கிறார் நளினி. "வாசகர் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கக் கூடாது" என்கிறார் முரளி. நீண்ட நாவல் வாசகர்கள் குறைந்துவிட்டார்களா என்பது பற்றி முரளி வாயே திறக்கவில்லை. ஆகவே அது விடையாகாது. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இருவர் பெயரையும் எழுதி, ஆம், இல்லை, தெரியாது என்று குறியுங்கள். ஒருவருக்கு ஆம், மற்றவருக்கு இல்லை என்று வருவதே விடை. ஒரு "தெரியாது" வந்தாலே தள்ளிவிடலாம். முரளி குறுநாவல்களுக்கு எதிரி என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் கணக்கில் சேராது.

நேரத்தைத் தவறான இடத்தில் செலவிடுவது

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வில் 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி இல்லை. மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு, இத்தகைய வாதக் கேள்விகள் வரும் லாஜிக்கல் ரீசனிங். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு 84 வினாடி. மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வின் வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள், அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் வாசிப்புப் பத்திகளும் அடங்கும். இந்த நேரத்தில் பெரும்பகுதியை ஆப்ஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் கரைக்கிறார்கள். மாறாக, 84 வினாடியில் பாதியைப் பத்திக்கே கொடுங்கள். ஆப்ஷன் பக்கம் கண் போகுமுன், "இவர் அவருடைய இன்னதைத் தொடுகிறார், இன்னதைக் கொண்டு" என்று ஒரு வரி மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். "எண்ணிக்கையை ஏற்கிறார், வேறு காரணம் காட்டுகிறார்" என்பது போதும். அந்த வரி கையில் இருந்தால் மூன்று ஆப்ஷன்கள் முதல் பார்வையிலேயே விழுந்துவிடும். மீதி இரண்டை மட்டும் துண்டாக உடைத்துப் பார்க்க நேரம் இருக்கும். அந்த வரி அமையவில்லை என்றால் ஆப்ஷன்களுக்குப் போகாமல் இரண்டாமவர் பேச்சை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அப்போதும் பிடிபடாவிட்டால் இருப்பதில் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு நகருங்கள்.