பலாலி ஓடுபாதையே மூன்றாவது சாட்சி: புறப்படுமுன் திசைக் கருவிகளைச் சோதிக்கும் முறை

சிறிய பயிற்சி விமானத்தில் திசை காட்டுபவை பொதுவாக இரண்டு: முகப்புக் கண்ணாடியருகே திரவத்தில் மிதக்கும் காந்தத் திசைகாட்டியும் கருவிப்பலகையில் உள்ள, வேகமாகச் சுழலும் சக்கரத்தால் (ஜைரோ) இயங்கும் ஜைரோ திசைமானியும். ஜைரோ தளும்பாமல் நிற்கும்; ஆனால் வடக்கு எதுவென்று அதற்குத் தெரியாது, விமானி பொருத்திவிட்ட இலக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். காந்தத் திசைகாட்டிக்கு வடக்குத் தெரியும். ஆனால் சிறு குலுக்கலிலும் ஆடிப்போகும். இரண்டும் முரண்பட்டால் எது தவறு என்று தீர்க்க மூன்றாவது சாட்சி வேண்டும். அது நீங்கள் நிற்கும் ஓடுபாதைதான்; தரையை விட்டு எழும்பிய பின் அந்தச் சாட்சியைத் தேடிப் பயனில்லை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலைய ஓடுபாதையின் இலக்கங்கள் 05, 23 ஆகும். வாடை (வடகிழக்குக் காற்று) வீசும் மாதங்களில் பெரும்பாலும் 05 பக்கமாகவும், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது 23 பக்கமாகவும் எழும்ப நேரும். 05 என்பது ஏறத்தாழ 50 பாகை என்றே பொருள்படும். கிட்டிய பத்துக்கு முழுமையாக்கிய எண் ஆதலால் ஓடுபாதையின் துல்லியமான காந்தத் திசை அதிலிருந்து ஐந்து பாகை வரை விலகியிருக்கலாம். எனவே விமானநிலைய வரைபடத்தில் அச்சிட்டுள்ள காந்தத் திசையை முழங்கால் அட்டையில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தை இயக்குமுன் காந்தத் திசைகாட்டியில் திரவம் நிறைந்துள்ளதா, குமிழி இல்லையா, விலகல் அட்டை (திசைகாட்டியின் பிழையைத் திசைவாரியாகக் குறித்த சிறு அட்டை) இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு அதன் அருகில் இருப்பவற்றையும் பாருங்கள். ஒருமுறை என்னோடு பறக்க வந்த தம்பியொருவர் காந்த மூடியுள்ள கைத்தொலைபேசியைக் கருவிப்பலகையின் மேல் வைத்தார். நின்ற விமானத்திலேயே திசைகாட்டி இருபது பாகைக்கு மேல் திரும்பியது. தொலைபேசியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இரும்புக் கைவிளக்குக்கும் இதே விதிதான்.

இயந்திரம் இயங்கியதும், ஜைரோவைச் சுழற்றும் காற்றுறிஞ்சலை அளக்கும் உறிஞ்சல் மானியைப் பாருங்கள். வெற்றிடப் பம்பில் இயங்கும் ஜைரோ கொண்ட பல செஸ்னா 172 விமானங்களில் இது 4.5 முதல் 5.5 அங்குல இரசம் வரை இருக்க வேண்டும். உங்கள் விமானத்தின் கைந்நூல் கூறும் அளவே முடிவானது. ஜைரோ முழு வேகம் பெற ஐந்து நிமிடமளவு கொடுத்து, விமானம் அசையாமல் நிற்கும்போது திசைமானியைக் காந்தத் திசைகாட்டியோடு பொருத்துங்கள். தரையில் ஓடிச் செல்கையில் வலப்பக்கம் திரும்பினால் இலக்கம் கூட வேண்டும், இடப்பக்கம் திரும்பினால் குறைய வேண்டும்.

நல்ல ஜைரோவும் நகரும். பூமி சுழல்வதால் மட்டும் அது மணிக்கு 15 பாகையை அகலக்கோட்டின் சைனால் பெருக்கிய அளவுக்கு விலகும். யாழ்ப்பாணத்தில் அது இரண்டரைப் பாகையளவு, இலண்டனில் கிட்டத்தட்ட பன்னிரண்டு. உராய்வையும் சேர்த்து 15 நிமிடத்தில் 3 பாகை வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நகர்ந்தால், தாங்கி தேய்ந்ததா, உறிஞ்சல் போதாதா என்று தொழில்நுட்பவியலாளர் பார்க்கட்டும்.

நம் ஊருக்கே உரிய விடயம் ஒன்றும் உண்டு. வேகம் கூட்டும்போது காந்தத் திசைகாட்டி வடக்குப் பக்கமாகச் சாயும் என்று பாடநூல்கள் எழுதுவது, பூமியின் காந்தப்புலம் செங்குத்தாகச் சரியும் வட நாடுகளில் பெரிதாகத் தெரியும். அந்தச் சரிவு பூச்சியமாகும் கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கே அந்தப் பிழை மிகச் சிறியது. வட ஐரோப்பாவுக்கென எடை சமன்செய்த கைத்திசைகாட்டியை உறவினர் யாராவது கொண்டுவந்தால், அதன் ஊசியின் தென்முனை தாழ்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே எழும்புவதற்கான ஓட்டத்தின்போது திசைகாட்டி பெரிதாக விலகினால் பாடநூலைச் சாட்டாக்க வேண்டாம்.

நடுக்கோட்டில் நேராக நின்றதும் திசைமானி, காந்தத் திசைகாட்டி, எழுதிவைத்த எண் மூன்றையும் சத்தமாக வாசியுங்கள். ஐந்து பாகைக்குள் ஒத்துப்போனால் புறப்படலாம். ஒத்துப்போகாவிட்டால், ஓடுபாதையோடு பொருந்தும்படி திசைமானியைத் திருகிவிட்டுப் பறப்பது காரணத்தை மூடிமறைப்பதாகும். வெளியேறி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்து, மீண்டும் சோதியுங்கள். நிலத்தடி இரும்போ அருகில் நின்ற வாகனமோ காரணமாயிருந்தால், இடம் மாறியதும் அது தெரிந்துவிடும்.

ஓட்டத்தின்போது திசைமானி தடுமாறினால் அதைத் துரத்தாதீர்கள். கண் நடுக்கோட்டிலேயே இருக்கட்டும். வேகம் குறைவாகவும் பாதை மீதமாகவும் இருந்தால் நிறுத்துங்கள். எழும்பிவிட்டால், இறக்கைகளை மட்டமாக வைத்து நேராக ஏறுங்கள்; 05 பக்கம் சில கிலோமீற்றரிலேயே கடல் வந்துவிடுவதால், மூட்டமான காலையில் அடிவானம் மங்கியிருக்கும். வெற்றிடப் பம்பே நின்றிருந்தால் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானமும் மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். இதுதான் உண்மையான ஆபத்து. இரண்டையும் கடதாசித் துண்டால் மறைத்துவிட்டு, விமானம் திரும்பும் வீதத்தைக் காட்டும், பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்கும் திருப்பமானியை நம்புங்கள். விநாடிக்கு 3 பாகை வீதம் 30 விநாடி திரும்பினால் 90 பாகை. ஜிபிஎஸ் காட்டுவது நிலத்தின் மேல் செல்லும் பாதையே, விமானத்தின் மூக்கு நோக்கும் திசையன்று. 90 நொட் வேகத்தில் 15 நொட் பக்கக்காற்று அடித்தால் இரண்டுக்கும் பத்துப் பாகையளவு வித்தியாசம் வரும். கோபுரத்திடம் திசைக் கருவி பழுதென்று தெளிவாகச் சொல்லி, கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து இறங்குங்கள். இறங்கியதும், எந்த நேரத்தில் எத்தனை பாகை விலகியது என்பதைப் பழுதுப் பதிவேட்டில் எழுதிய பின்னரே சாவியை ஒப்படையுங்கள்.