'நான் நம்பவில்லை' என்றால் மாயச் சுவர் மறையுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு. அதில் ஒரு காட்சி: கணவாயின் இருபுறமும் கரும்பனை, நடுவில் தமிழக-கேரள எல்லை வேலந்தாவளம் போல ஒரு சோதனைச் சாவடி, நான்கு காவலர்கள். ஆட்டக்காரரின் மந்திரவாதி சைலன்ட் இமேஜ் என்ற மாய உருவ மந்திரம் போட்டுச் சாலையின் குறுக்கே சரிந்து கிடக்கும் பாறைகளைக் காட்டுகிறார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஆடினாலும் சித்தூரில் ஆடினாலும், காவலர்கள் ஏமாறுவார்களா என்ற தகராறு இங்கேதான் தொடங்கும்.

"நான் நம்பவில்லை" என்று வாயால் சொன்னதும் பகடையை உருட்டவிடுவது முதல் தவறு. 2014 ஐந்தாம் பதிப்பில் இந்த வகை உருவங்களைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள்தான். கையோ கல்லோ உள்ளே புகுந்து போனால் குட்டு வெளிப்படும், பகடை வேண்டாம். தொடாமல் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தன் முறைக்குரிய முக்கியச் செயலான ஆக்‌ஷனைச் செலவழித்து, மந்திரவாதியின் ஸ்பெல் சேவ் டிசிக்கு (எட்ட வேண்டிய எண்) எதிராக இன்வெஸ்டிகேஷன் (ஆராயும் திறன்) உருட்ட வேண்டும். முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) இன்டலிஜென்ஸ் 16 என்றால் டிசி 8 (அடிப்படை) + 2 (தேர்ச்சி) + 3 (இன்டலிஜென்ஸ்), அதாவது 13. கூட்டல் எதுவும் இல்லாத காவலர் 20 முகப் பகடையில் 13 அல்லது மேல் போட வேண்டும்: 40 சதவீத வாய்ப்பு. பழைய 3.5 பதிப்பு வேறு மாதிரி. அதில் உருவத்தைக் கவனமாக ஆராய்ந்தாலோ அதனோடு ஏதாவது செய்தாலோ மாயத்தை மன உறுதியால் எதிர்க்கும் பகடை உருட்டலான வில் சேவ் கிடைக்கும். கண்டுபிடித்தவர் சொல்லிக்கொடுத்தால் மற்றவர்களின் உருட்டலுக்கு +4. பழைய ஆட்டக்காரர்கள் இந்த +4-ஐ ஐந்தாம் பதிப்புக்குள் கொண்டுவந்து குழப்புவது அடிக்கடி நடக்கிறது.

இதைவிடப் பெரிய கேடு, ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்குத் தெரிந்ததெல்லாம் காவலருக்கும் தெரிந்துவிடுவது. நால்வரும் ஒரே சுற்றில் சந்தேகப்பட்டால் ஆட்டக்காரர் செலவழித்த ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) வீண். அடுத்த வாரம் அவர் நெருப்புக்குண்டு எறியும் ஃபயர்பால் மட்டும்தான் போடுவார். உருட்டுவதற்கு முன் டிஎம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் காவலர் எதைக் கண்டு சந்தேகப்பட்டார்? சைலன்ட் இமேஜில் சத்தமும் வாசனையும் கிடையாது. பாறை சரிந்த ஓசையே கேட்கவில்லை என்பது நல்ல காரணம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பனையோலை படபடக்கும்போது பாறையிடுக்குப் புல் மட்டும் அசையாமல் நிற்பது இன்னொன்று. மந்திரவாதி ஆக்‌ஷன் செலவழித்துப் புல்லை அசையவைக்கலாம், ஆனால் அந்தச் சுற்றில் வேறு மந்திரம் போட அவருக்கு ஆக்‌ஷன் இருக்காது. காரணம் ஒன்றும் இல்லையா, காவலர் திட்டிக்கொண்டே பாறையை நகர்த்த ஆள் கூப்பிடப் போகட்டும்.

ஆட்டக்காரர்கள் ஏமாற வேண்டிய இடத்திலும் இதே கவனம் தேவை. "எல்லோரும் இன்வெஸ்டிகேஷன் போடுங்கள்" என்றால் மாயம் என்று அறிவித்தது போலாகிவிடும். காற்று, புல், சத்தமின்மை எல்லாவற்றையும் மற்ற வர்ணனையோடு சேர்த்துச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஒருவர் கண்டுபிடித்தால் உருவம் எல்லோருக்கும் கலைந்துவிடாது. அவருக்கு மட்டும் அதன் ஊடே பார்க்க முடியும். ஆட்டக்காரர் தரப்பு ஆள் ஒருவர் பாறைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு, பின்னால் நின்று அம்பு எய்யலாம். ஆனால் அம்பு பாறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த காவலருக்கு அதுவே சாட்சி.

இந்த வகை மந்திரங்களின் அளவையும் பாருங்கள்: மைனர் இல்யூஷன் 5 அடிக் கனசதுரம், சைலன்ட் இமேஜ் 15, மேஜர் இமேஜ் 20. மாயப் பாலம் எடை தாங்காது, மாயத் தீ சுடாது. ஃபேன்டாஸ்மல் ஃபோர்ஸ் என்ற மந்திரம் மட்டும் தனிக்கதை. அது ஒரே ஒருவர் மனதுக்குள் நடப்பது. இன்டலிஜென்ஸ் சேவில் தோற்றவர் இல்லாத பாலத்தில் கால் வைத்து விழுந்தாலும், யாரோ தள்ளிவிட்டதாகத்தான் நினைப்பார். அங்கே 'தொட்டதும் தெரிந்துவிட்டது' என்று தீர்ப்புச் சொன்னால் அந்த மந்திரத்தின் உயிரே போய்விடும்.

கடைசியாக, கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தைத் தக்கவைக்கும் கவனம். மந்திரவாதிமேல் ஓர் அடி விழுந்தால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ் போட வேண்டும். டிசி 10 அல்லது சேதத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. தோற்றால் பாறைகள் அந்தக் கணமே மறைந்து, சாலை திறந்து கிடக்கும்.