ஆர்.வி.யில் குடியிருக்கிறீர்களா? ஒரு ராத்திரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

அமெரிக்காவில் வீட்டை விட்டுவிட்டு ஆர்.வி. என்னும் நடமாடும் வீட்டு வண்டியிலேயே வாழப் போகிறவர்கள், ஓட்டுநர் உரிமம் வாங்க தெற்கு டகோட்டா மாநிலத்தில் முதலில், உங்கள் தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் தனியார் நிறுவனத்திடம் ஒரு தபால் பெட்டி முகவரியை வாடகைக்கு எடுங்கள். அப்புறம் அங்கே ஒரு முகாமிலோ ஓட்டலிலோ ஓர் இரவு தங்கி, உங்கள் பெயர் போட்ட ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவர் என்றால் ரசீதில் இரண்டு பெயரும் இருக்கட்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நிலையான வீடில்லாமல் பயணத்திலேயே இருப்பவர்களுக்கு அந்த மாநிலம் இந்த ரசீதையும் ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் ஏற்று ஓட்டுநர் உரிமம் தருகிறது. ஓராண்டுக்குள் தங்கிய ரசீதாக இருக்க வேண்டும். மாநில வருமான வரியும் அங்கே கிடையாது.

ஆனால் பழைய மாநிலத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஆண்டில் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தால், வரி விஷயத்தில் இது உங்களுக்கு உதவாது. உதாரணமாக, நியூயார்க்கில் வீடு இருந்து 183 நாளுக்கு மேல் தங்கினால் அந்த மாநிலம் வரி கேட்கும். வாக்குரிமைக்கும் ஓர் இரவு போதாது, அதன் விதி தனி. அரசின் மூத்தோர் காப்பீட்டு வயதான 65-க்குக் கீழே இருப்பவர்கள், தங்கள் மருத்துவக் காப்பீடு மற்ற மாநிலங்களில் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.