"சனமே வேணாங்குது, அப்புறம் ஏன் சண்டை?" இதைப் பேசும்போது நாம பண்ற தப்புகள்

பினாங்குல எந்த மாமாக் கடையில தே தாரிக் குடிக்க உட்கார்ந்தாலும், டிவியில போர் செய்தி ஓடுனா பக்கத்து மேசையில ஒரே பேச்சுதான், அங்க சனமே வேணாங்குது, அரசாங்கம் நிறுத்தல, அப்ப ஜனநாயகமே பொய்தானேன்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்.

முதல் தப்பு, கருத்துக்கணிப்பை ஓட்டு மாதிரி நினைக்கிறது. வியட்நாமுக்குப் படை அனுப்புனது தப்புன்னு 1968 ஆகஸ்ட்லயே கேலப் கணிப்புல பாதிக்கு மேல அமெரிக்கர்கள் சொல்லிட்டாங்க, ஆனா படை முழுசா வெளியேறுனது 1973லதான், 1969லருந்து செத்த அமெரிக்க வீரர்களே இருபதாயிரத்துக்கு மேல, வியட்நாம் சனம் அதைவிடப் பல மடங்கு. லீவுக்கு பினாங்கு வந்துட்டு மறுபடி அந்தச் சண்டைக்கே போன அமெரிக்கப் பசங்களும் அப்ப உண்டு. தப்புன்னு சொன்ன எல்லாரும் உடனே திரும்பி வாங்கன்னு சொல்லல, இன்னும் பலமா அடிச்சு முடிங்கன்னவங்களும் அந்தக் கணக்குல இருந்தாங்க. போர் நடக்கும்போதே 1972 தேர்தல்ல அப்ப அதிபரா இருந்த நிக்சன் மறுபடி 50ல 49 மாநிலத்துல ஜெயிச்சாரு.

பெரிய தப்பு, ஆரம்பிக்கிறதும் நிறுத்துறதும் ஒரே அளவு கஷ்டம்னு நினைக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிஞ்சு மூணே நாள்ல அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம், படையை இறக்க அதிபருக்கு அனுமதி கொடுத்துச்சு, கீழ்சபையில 420 பேர் ஆதரவு, எதிர்த்து ஒரே ஓட்டு, பார்பரா லீங்கிற உறுப்பினரோடது. அந்த ஒரு தீர்மானத்தை வச்சே பல வருஷம் பல நாட்டுல சண்டை நடந்துச்சு. நிறுத்தணும்னா? ஈராக் போர் மேல இருந்த கோபத்துல 2006ல சனங்க ரெண்டு சபையையும் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தாங்க, அவங்களும் படை திரும்புற கெடுவோட பண மசோதா போட்டாங்க, 2007 மே 1 அதிபர் புஷ் வீட்டோ பண்ணிட்டாரு, அதாவது கையெழுத்துப் போடாம தடுத்துட்டாரு, அதைத் தாண்ட மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், கிடைக்கல. பணத்தையே நிறுத்தியிருக்கலாம்தான், ஆனா களத்துல நிக்கிற பிள்ளைங்களைக் கைவிட்டுட்டான்னு பேரு வரும்னு பயந்து, அதே மாசம் கெடு இல்லாமலே பணம் கொடுத்தாங்க. அந்த வருஷம் ஈராக்குக்குக் கூடுதலா 20,000க்கு மேல படைதான் போச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் இதுதான்.

எல்லாம் ஆயுதக் கம்பெனி காசுன்னு ஒரே வரியில முடிக்கிறதும் தப்பு, அதுவும் காரணம்தான், ஆனா யார் வீட்டுப் பிள்ளை போகுதுன்னும் பார்க்கணும். 1973க்கு அப்புறம் அமெரிக்காவுல கட்டாயமா ஆள் எடுக்கிறது நின்னு போச்சு, ஈராக், ஆப்கான் செலவுக்கும் தனி வரி போடல, கடன் வாங்குனாங்க. பெரும்பாலான குடும்பத்துக்கு வேணாம்னு சொல்றதோட வேலை முடிஞ்சிருச்சு.

இதுக்காக சனங்க பேச்சுக்கு மதிப்பே இல்லன்னும் சொல்லிடாதீங்க. 2003 பிப்ரவரியில லண்டன் தெரு நிரம்பி வழிஞ்சும் ஈராக் போர் நிக்கல, சரி. ஆனா அந்தக் கசப்பு பத்து வருஷம் ஆறல, 2013 ஆகஸ்ட்ல சிரியாவைத் தாக்கலாமான்னு பிரதமர் கேமரன் கேட்டப்ப அதே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285க்கு 272ன்னு முடியாதுன்னுடுச்சு, பிரிட்டிஷ் விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே.