அதிவேக இணையச் சதுரங்கத்தில் கடிகாரத்தைக் கையாளும் முறை

பெங்களூரு மெட்ரோவில் ஊதா வழித்தடத்தில் நாள்தோறும் பணிக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் பயண நேரத்தில், ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும் 'பிளிட்ஸ்' என்ற அதிவேகச் சதுரங்கத்தை இணையத்தில் ஆடுகிறார்கள். கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை தடம் நிலத்தடியில் செல்வதால் இணைய இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், தரவரிசைப் புள்ளிகள் பாதிக்கப்படும் ஆட்டங்களை வீட்டில் ஆடுவதே நல்லது.

முன்னேற விரும்புவோர் முதலில் 3 நிமிட ஆட்டத்தை விட்டு, நகர்வுக்கு 2 விநாடி கூடும் 3+2 முறைக்கு மாற வேண்டும். 40 நகர்வுகள் கொண்ட ஆட்டத்தில், முன்னதில் ஒரு நகர்வுக்குச் சராசரியாக 4.5 விநாடியும் பின்னதில் 6.5 விநாடியும் கிடைக்கின்றன. எதிராளி அடுத்து எங்கே ராஜாவுக்குச் செக் வைப்பார், எதை வெட்டுவார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு நகர்த்த அந்த 2 விநாடியே போதும்.

எதிராளி ஆடும் முன்பே நம் அடுத்த நகர்வை இட்டு வைக்கும் முன்நகர்வு வசதியை நான் ஓரிடத்தில் மட்டுமே துணிந்து பரிந்துரைப்பேன். உங்கள் குதிரையை எதிராளி வெட்டக்கூடும் என்றால், அதே கட்டத்திற்குச் சிப்பாயால் திருப்பி வெட்டும் நகர்வை முன்கூட்டியே இட்டு வையுங்கள். அவர் வெட்டாவிட்டால், அங்கே உங்கள் குதிரையே நிற்பதால், அந்த நகர்வு செல்லாமல் போய்விடும். காலிக் கட்டத்திற்கு இடும் முன்நகர்வில் இந்தப் பாதுகாப்பு கிடையாது, ராணியையே இழக்க நேரிடலாம்.

ஆட்டம் முடிந்ததும், லிசெஸ் என்ற சதுரங்க இணையதளம் இலவசமாகக் காட்டும் நேர வரைபடத்தில், எந்த நகர்வுக்கு அதிக நேரம் செலவானது என்று பாருங்கள். அது பெரும்பாலும் தொடக்க நகர்வுகளிலேயே இருந்தால், வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று தொடக்க நகர்வு வரிசைகளைக் குறைத்துக்கொண்டு அவற்றையே தொடர்ந்து ஆடுங்கள்.